இருப்பதைத் திருத்திய மேதை ஜி.டி.நாயுடு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஷேவிங் ரேசர், பஸ், மின்சார மோட்டார், ரேடியோ, ஃபேன், கார்... இவற்றில் ஒன்றைக்கூட ஜி.டி.நாயுடு அவர்கள் முதன்முதலில் கண்டுபிடிக்கவில்லை. இப்படி ஆரம்பித்தால் நம் ஹாஸ்டலில் இருக்கும் கோயம்புத்தூர் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். கொஞ்சம் பொறுங்கப்பா! அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏற்கனவே உலகத்தில் இருந்த பொருளை எடுத்து, பிரித்துப் போட்டு, அதை வைத்திருப்பவனுக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கை வைத்தவர் அவர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இது சுலபமான வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இதில் சறுக்கி விழுந்தவர்கள் ஏராளம். உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளே விழுந்திருக்கின்றன. ஏன், நம்ம வண்டலூரிலேயே ஒரு கார் கம்பெனி விழுந்த கதை இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

மலருக்குக் கட்டுரை என்றால் காந்தி, காமராசர், அப்துல் கலாம் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு நாயுடு அவர்களின் ஞாபகம் வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு அண்ணன். எங்கள் ஊர் சிறுசேரி. சிப்காட் ஐ.டி. பூங்கா வந்த பிறகு இங்கே வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர் வாடகைக்கு இருக்கிறார். அந்த அண்ணனுக்குப் பதவி ப்ராடக்ட் மேனேஜர். என்ன அண்ணா வேலை என்று கேட்டால், ஏற்கனவே விற்றுக்கொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேரில் அடுத்து என்ன மாற்றம் செய்யலாம் என்று முடிவு பண்ணுவதுதான் வேலையாம்! இதற்கு ஒரு ஆளா, அதற்கு இவ்வளவு சம்பளமா என்று நான் வாயைப் பிளந்தேன். அவரோ, ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த மாற்றங்களில் பலவற்றை வாடிக்கையாளர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சில மாற்றங்களுக்குத் திட்டு வேறு விழுகிறது என்று நொந்துகொண்டார். நல்லா இருந்ததை ஏன்டா மாத்துனீங்க என்று கேட்கிறார்களாம்.

இந்தப் பிரச்சினைக்கு மருந்து அமெரிக்காவில் இல்லை, கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி அந்தக் கலங்கலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் செய்த சேட்டைகளைப் பற்றி கோவை வட்டாரத்தில் ஏகப்பட்ட கதைகள் உண்டு. அவற்றை விட்டுவிடுவோம், நம்ம ஜூனியர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்!

அவருக்கு இருபது வயது இருக்கும்போது வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்து கம்பெனியின் 1912 மாடல் வண்டி. மாடும் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் ஒன்றைப் பார்த்த கிராமத்து இளைஞர்கள் எல்லோருமே அன்றைக்கு ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆச்சரியம் அடங்கியதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இவர் மட்டும் தூங்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். காசு சேர்த்தார். சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார்? ஊரைச் சுற்றிவந்து பந்தா பண்ணினாரா? அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டார்! கழற்றினார், மாட்டினார், ஒவ்வொரு பாகமும் எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. அந்த வண்டிதான் அவருக்கு ஆட்டோமொபைல் லேப். பிறகு மெக்கானிக்காகவும் ஆனார்.

நம்ம லேபிலும் வெட்டி வைத்த எஞ்சின் ஒன்று நிற்கிறது. பச்சை, சிவப்பு பெயிண்ட் அடித்து அழகாக நிற்கிறது. அதைப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. நாயுடு அவர்கள் கற்ற விதம் வேறு. ஒரு நட்டைத் தவறாக மாட்டினால் வண்டி ஓடாது, ஹோட்டலில் தட்டு எடுத்துச் சம்பாதித்த பணம் போச்சு! அந்தப் பயத்தோடு கற்றது அது. ஒரு பொருளில் மாற்றம் செய்ய வருகிற ஆள் முதலில் செய்யும் பிழையே, அந்தப் பொருள் இப்போது இருக்கிற மாதிரி ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைப்பதுதான். பழைய ஆள் முட்டாள்தனமாகச் செய்து வைத்திருக்கிறான் என்று ஒரு எண்ணம். கழற்றிப் பார்த்தால்தான் அந்த வாஷர் அங்கே இருப்பதற்குக் காரணம் புரியும்.

நடுவில் பருத்தி வியாபாரத்துக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். அது நமக்கு முக்கியமில்லை. 1920-இல் ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஓட்டினார். ஓட்டினார் என்றால் ஆள் வைத்து இல்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தது அவரே! முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள்.

அந்தக் காலத்து பஸ் எப்படி இருந்தது என்று நம்ம தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். ஆள் நிரம்பினால் கிளம்பும், இல்லாவிட்டால் வெயிலில் நிற்கும். எப்போது வரும், எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. பழனிக்குப் போகிற பாதை வேறு, பக்தர்கள் கூட்டம். காவடி, மூட்டை, கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஏறுவார்கள். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த முதலாளிக்கு முதுகுக்குப் பின்னாலேயே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. எந்த மேட்டில் ரேடியேட்டர் கொதிக்கிறது, எந்த ஊரில் எத்தனை பேர் காத்திருந்து வெறுத்துத் திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் ரிப்போர்ட் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக அவருக்கு இல்லை.

அந்த ஒரு பஸ் வளர்ந்துதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். கோவைப் பக்கத்துப் பெரியவர்களிடம் யு.எம்.எஸ். என்று சொல்லிப் பாருங்கள், முகமே மலரும். சில வருடங்களிலேயே நாட்டின் மிகத் திறமையான பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் எடுத்தது. டிக்கெட் கொடுக்கும் இயந்திரம், வண்டி புறப்படும் நேரத்தைக் காட்டும் ஏற்பாடு என்று அவர் செய்தவைகளாகப் பலவற்றைச் சொல்வார்கள். கவனித்தீர்களா? பஸ்ஸுக்குப் புது வடிவம் கொடுத்து, மூக்கை நீட்டி, வாலைக் குறைத்து அவர் பெயர் வாங்கவில்லை. பயணிக்கு வேண்டியது பஸ் இல்லை, நேரத்துக்கு ஊர் போய்ச் சேருவது. அதைத் திருத்தினார்.

என் அண்ணனின் கம்பெனியில் வாடிக்கையாளர்கள் எந்த தேசத்தில் இருக்கிறார்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாதாம். படம் போட்ட அறிக்கை வரும், அதை வைத்து முடிவு எடுப்பார்களாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொள்ளாச்சி டு பழனி என்று மட்டும் சொன்னேன்!

1930-களில் நாயுடு அவர்கள் ஐரோப்பாவுக்குப் போனார். கையில் கேமரா. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையே படம் பிடித்தவர். நாமாக இருந்தால் தேம்ஸ் நதி பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். இவர் அங்கிருந்த தொழிற்சாலைகளையும் கடைகளில் விற்கும் சாமான்களையும் அல்லவா பார்த்தார்! அந்தக் காலகட்டத்தில் பிறந்ததுதான் ரேசன்ட் என்ற ரேசர்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஷேவிங் விஷயத்தில் ஜில்லெட் கம்பெனியின் பாதுகாப்பு ரேசர் 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மின்சார ரேசரை அமெரிக்காவில் ஷிக் என்பவர் 1931-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதை ஓட்ட வேண்டுமென்றால் சுவரில் பிளக் வேண்டும், வீட்டில் கரன்ட் வேண்டும். நாயுடு அவர்களின் ரேசன்டில் ஒரு சின்ன மோட்டார், அதை ஓட்டுவது டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி உலர் பேட்டரி. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! கரன்ட் இல்லாத கிராமத்தில் ஷேவ் செய்யலாம், ரயிலில் செய்யலாம், கப்பலில் செய்யலாம். மிக மெல்லிய பிளேடுகளையும் அவர் செய்தார். இருக்கிற பொருளில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். இவர் வயரை எடுத்தார்!

மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேனும் இதே கணக்குதான். கேட்டால் சிரிப்பு வரும், மண்ணெண்ணெயில் ஃபேனா என்று. நம்ம ஊரில் கரன்ட் வராத வீட்டிலும் அன்று மண்ணெண்ணெய் இருந்தது. விளக்குக்கு எப்படியும் வாங்கி வைத்திருப்பார்கள். யாரிடம் என்ன இருக்கிறதோ, அதில் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தார். பழம் பிழியும் கருவி, சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, திருட்டு ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் ஏற்கனவே ஒரு பொருள் இருக்கிறது, அதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. நூற்பாலைகள் பெருகின. கிணற்றில் கமலை இறைத்த விவசாயி பம்ப் செட் கேட்டார். மின்சாரம் நம்முடையது, கிணறு நம்முடையது, மோட்டார் மட்டும் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். 1937-இல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையில் டி.பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து மின்மோட்டார் செய்து வெளியே விட்டார்கள். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். பம்ப், மோட்டார் என்றால் கோயம்புத்தூர் என்று இன்றைக்கும் நம் வாயில் வருகிறதே, அந்த வேர் இங்கேதான்.

அதே ஊரில் பின்னால் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்தார். இதை நான் எப்போதும் வியந்து பார்ப்பேன். கையால் அரைக்கும்போது கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும்! தலைகீழ். ஆனால் மாவு அதே கல்லில் அதே பதத்தில் அரைபடுகிறது. அம்மாக்கள் ஏற்றுக்கொண்டது அதனால்தான். எதை மாற்ற வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, எதில் கை வைக்கக் கூடாது என்பதும் அவ்வளவு முக்கியம். அமெரிக்காவில் 1985 ஏப்ரலில் கோகோ கோலா கம்பெனி இதை மறந்துபோய்த் தன் பானத்தின் ருசியையே மாற்றியது. சோதனையில் குடித்தவர்கள் புது ருசி இனிப்பாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடைக்கு வந்ததும் ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு மிடறு ருசி பார்ப்பது வேறு, வருடக்கணக்காகப் பழகிய ஒன்று காணாமல் போவது வேறு.

அதே 1985-இல்தான் நம்ம வண்டலூர் கதையும். கேளம்பாக்கம் ரோட்டில் நேராகப் போனால் வண்டலூர் வந்துவிடும். அங்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. பழைய சினிமாவில் பார்த்திருப்பீர்களே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், அது இந்தக் கம்பெனியுடையது. 1961-இல் தொடங்கினார்கள். இங்கிலாந்து மாடல், இரண்டே கதவு. நம்ம குடும்பம் ஒரு காரில் எத்தனை பேர் ஏறுவோம்? பாட்டி பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். 1968-இல் அவர்களே யோசித்து நான்கு கதவு வைத்த ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில்கூட அப்படி ஒன்று கிடையாது! அடுத்து வந்த கெஸல் காரில் பின் அச்சையும் நம்ம ரோட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றினார்கள். நாயுடு அவர்கள் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

அப்படிப்பட்ட கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரை வெளியிட்டது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வடிவம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். பானட்டைத் திறந்தால்? 1940-களில் வான்கார்டு காருக்காகப் பிறந்த எஞ்சினின் வம்சம்! 1991 சி.சி., நாலு சிலிண்டர். ரோவரின் பெரிய வி-8 எஞ்சினோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி சக்தி. கனமான உடம்பை அந்த எஞ்சின் இழுக்க வேண்டும், பெட்ரோலையும் குடிக்க வேண்டும். விலையோ பணக்காரர் விலை. மூன்றே வருடம்! 1988-இல் உற்பத்தி நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அங்கே வேலை பார்த்தவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. நாலு கதவு வைக்கத் தெரிந்தவர்கள். வெளியே தெரிகிற பாகத்தைப் புதிதாக்கி, உள்ளே வேலை செய்கிற பாகத்தைப் பழையபடி விட்டால் போதும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு எடுத்தார்கள். அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்துக் குடும்பங்கள். ஒரு பொருளைத் தப்பாகத் திருத்தினால் சரக்கு மட்டும் தேங்காது, சம்பளமும் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை 1908 முதல் 1927 வரை பிடிவாதமாக விடவில்லை. ஒன்றரைக் கோடி கார் விற்றவருக்கு யார் புத்தி சொல்வது? செவர்லே கார் வருடா வருடம் முன்னேறி வந்து மார்க்கெட்டைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் தொழிற்சாலையையே மாதக்கணக்கில் மூடிவிட்டுப் புது மாடல் செய்ய வேண்டி வந்தது. தன் பொருள் மேலேயே காதல் கொண்டவருக்கு வந்த கஷ்டம் அது. இது மறைமலைநகரில் கம்பெனி வைத்திருந்த அதே ஃபோர்டுதான். அங்கே 2022-இல் கார் உற்பத்தி நின்றபோது நம்ம சீனியர்கள் எத்தனை பேர் வீட்டில் அடுப்பு கவலையோடு எரிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கதை தனிக் கட்டுரை கேட்கும்.

நாயுடு அவர்களிடம் திரும்புவோம். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பெரிய மனிதர் வீட்டு நடுக்கூடத்தில் துணி போர்த்தி வைக்கிற பொருளாக இருந்த நேரம் அது. 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலம் என்று நன்கொடைகளை அறிவித்தார்.

அடுத்தது நம்மைப் பற்றிய விஷயம், தூங்குகிறவர்கள் எழுந்துகொள்ளவும்! 1945-இல் அவருடைய முயற்சியில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் அதே பெயரில் பொறியியல் கல்லூரியும் ஆரம்பமாயின. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். பீளமேட்டுக்குப் பக்கத்தில் ஹோப் காலேஜ் என்று பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறார்களே, காலேஜ் இடம் மாறிய பிறகும் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.

பள்ளிக்கூடத்தில் நிலைக்காத அந்த மனிதர் முதல்வராக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பாடத்திட்டத்தையும் மோட்டார் சைக்கிள் மாதிரியே கழற்றிப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது! நான்கு வருடம் சொல்லிக்கொடுப்பதை இரண்டு வருடத்தில் முடிக்கலாம், மீதி எல்லாம் வீண் என்றார். வாயால் சொல்லிவிட்டு விடவில்லை. ரேடியோ, ஆட்டோமொபைல் வகுப்புகளைச் சில வாரங்களிலேயே நடத்திக் காட்டினார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு வெளியேறினார். அரியர் வைத்திருக்கும் என் இனிய நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டுவது எனக்குக் கேட்கிறது. ஆனால் ஒன்று, அவர் பரீட்சையைக் குறைக்கச் சொல்லவில்லை, வெட்டிப் பொழுதைத்தான் குறைக்கச் சொன்னார்.

இதில் நான் அவரோடு பாதிதான் ஒத்துப்போவேன். ஆறு வாரத்தில் ரேடியோ ரிப்பேர் பண்ண வரும், சரி. ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்து, அது போய் செல்போன் வந்த பிறகும் பிழைக்க வேண்டுமே! அதற்கு அடிப்படைப் பாடம் வேண்டாமா? என்ஜினியரிங் மேத்தமேடிக்ஸைத் திட்டிக்கொண்டே நான் படிப்பது அதனால்தான்.

1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒரு காருக்கு அது நம்ப முடியாத தொகை. கார் ஓடியது. உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். அரசாங்கம் தரவில்லை. கதை முடிந்தது.

இந்த இடத்தில் வழக்கமாகக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். திட்ட வேண்டியதுதான், லைசென்ஸ் ராஜ்யம் பல நல்ல விதைகளை முளையிலேயே கிள்ளியது உண்மை. அவருடைய கோபம் எவ்வளவு பெரியது என்றால், 1950-களில் வரிவிதிப்பையும் அரசின் போக்கையும் எதிர்த்துத் தன் தயாரிப்புகளைப் பொதுமக்கள் முன்னாலேயே உடைத்து நொறுக்கினார். கோபம் நியாயமானது. உடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு வி-பிளாக்கை ஃபைல் போட்டுச் சதுரம் பார்த்தவனுக்குத்தான் தெரியும், செய்த பொருளை உடைக்கும்போது கை எப்படி நடுங்கும் என்று.

ஆனால் நாம் டெக்னிக்கல் மாணவர்கள், இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்திருந்தால் அந்தக் கார் வென்றிருக்குமா? டாட்டா நிறுவனம் 2009-இல் ஒரு லட்ச ரூபாய்க்கு நானோவைக் கொடுத்தது. அதற்கு எல்லா அனுமதியும் இருந்தது, பணம் இருந்தது, டீலர் இருந்தார்கள். உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயரும் கூடவே வந்தது. மலிவான கார் வைத்திருப்பவர் என்று பெயர் வாங்க நம்ம ஜனங்களுக்கு மனசு வரவில்லை. பத்து வருடத்துக்குள் அதன் தயாரிப்பு நின்றது. விலையைக் குறைப்பது மட்டுமே ஒரு பொருளுக்குச் செய்யும் முன்னேற்றம் ஆகாது என்று 2,000 ரூபாய் காருக்கும் தெரியவந்திருக்குமோ என்னவோ! எனக்குத் தோன்றுவது இதுதான்: பஸ் விஷயத்தில் அவர் ஸ்டீயரிங் பிடித்து, பயணியின் முணுமுணுப்பைக் கேட்டு, வருடக்கணக்கில் திருத்தினார். அதனால் யு.எம்.எஸ். நிலைத்தது. மோட்டாரைக் கூட இருந்தவர்கள் எடுத்து வளர்த்தார்கள், அது ஒரு ஊரின் தொழிலாகவே ஆனது. ரேடியோ, கார் போன்றவற்றை வருடக்கணக்கில் தயாரித்து, உதிரி பாகம் கொடுத்து, ரிப்பேர் பார்த்து, குறையைக் கேட்டுத் திரும்பத் திருத்த ஒரு கம்பெனி அமையவில்லை. அவர் மூளை அதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. ஒரு மனிதனுக்கு இருப்பது ஒரு ஆயுள்தானே!

பிற்காலத்தில் விவசாயத்திலும் இறங்கினார். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடி என்று அங்கேயும் இருப்பதைத் திருத்தும் வேலைதான். செடியைக் கழற்றி மாட்ட முடியாது, அதனால் ஊசியும் மருந்துமாக ஆராய்ந்தார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தமது எண்பதாவது வயதில் காலமானார். 2025-இல் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டித் திறந்த மேம்பாலத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் கிடைக்காத காரைச் செய்தவர் பெயரில் கார்கள் ஓடும் பாலம்!

அதே அவினாசி ரோட்டில்தான் அவர் செய்த சாமான்களின் கண்காட்சியும், பக்கத்திலேயே பழைய கார்களின் மியூசியமும் இருக்கின்றன. ரேசர், ரேடியோ, இயந்திரங்கள் எல்லாவற்றையும் நேரில் பார்க்கலாம் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஆகவே மாணவர் பேரவைத் தலைவருக்கும் எங்கள் துறைத்தலைவர் ஐயா அவர்களுக்கும் இந்த மலர் வாயிலாகவே ஒரு விண்ணப்பம். இந்த வருட இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு அடிபடுகிறது. ஊட்டிக்குப் போகும் வழியில்தான் கோயம்புத்தூர் வருகிறது. ஒரு அரை நாள் பஸ்ஸை நிறுத்தினால் போதும். பஸ் கட்டணத்தில் எவ்வளவு கூடும் என்று விசாரித்துச் சொல்ல நான் தயார்.